மரியாளின் முதுகு

கூச்சக்காரனை உலகம் அறிவாளி என்று நினைத்துவிடுகிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த நான் ஐம்பத்திரண்டு வயது வரை மானத்தோடு வாழ்ந்தது அந்தத் தவறான எண்ணத்தால்தான்.

மகள் விரும்பிய பையனின் தகப்பன் சிட்னியில் ஓய்வுபெற்ற பேராசிரியர். அவர் சம்மதித்தால்தான் கல்யாணம். எங்கள் கிளேட்டன் வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டுப் பேசுவது அவர் தரத்துக்குப் போதவில்லை. மெல்பேர்ன் நகரத்து அருங்காட்சியகத்தில் ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஜெர்மன் மரச்சிலைகள் வைத்திருக்கிறார்களாம், அங்கே சந்திப்போம் என்றார். (சிலைகள் குறுக்கே பேசாது என்பதும் காரணமாக இருக்கலாம்.)

கோட்டும் டையுமாகக் காரில் ஏறிய எனக்கு மனைவி ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள். “நீங்கள் வாய் திறக்காதேங்கோ. பிள்ளையின்ர வாழ்க்கை.”

திறக்கவில்லை. ஒவ்வொரு புனிதர் சிலைக்கு முன்னாலும் பேராசிரியர் கால் மணி நேரம் விளக்கினார். சுவரில் ஒட்டியிருந்த குறிப்பைக் கடைக்கண்ணால் படித்துவிட்டுத்தான் விளக்குகிறார் என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் புருவத்தைச் சுருக்கித் தலையாட்டினேன். வெட்கங்கெட்ட தலை.

நடு அறையில் ஆளுயர மரியாள், கையில் குழந்தையோடு நின்றார்.

“முன்னுக்கு எப்பிடியோ பின்னுக்கும் அப்பிடித்தான் செதுக்கியிருப்பாங்கள். அதுதான் பக்தி” என்றார் பேராசிரியர்.

மனைவி வாயைப் பற்றித்தான் சொல்லியிருந்தாள், காலைப் பற்றிச் சொல்லவில்லை. கேரம் டவுன்ஸ் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பழகிய கால்கள். நடுவில் ஒரு தெய்வம் நின்றால் தாமாகவே வலம் வரத் தொடங்கிவிடும். கூப்பிய கையோடு, கிட்டப் போகக் கூடாதென்று தரையில் வரைந்திருந்த கோட்டைத் தாண்டி மரியாளின் பின்னால் போய்விட்டேன்.

அங்கே முதுகே இல்லை. தோள் முதல் பாதம் வரை தோணி மாதிரிக் குடைந்திருந்தது. உளி கொத்திய அடையாளம்கூட அப்படியே கிடந்தது. நம்ப முடியாமல் உள்ளே கையை விட்டேன். அலாரம் அலறியது. அந்தப் பதற்றத்தில், காலமெல்லாம் மூடியிருந்த வாய் திறந்துகொண்டது.

“சேர், பின்னுக்கு ஒண்டுமில்லை. வெறுங்கோது.”

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்து, கள்ளனைப் பிடிப்பது போல என் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள். மரம் வெடிக்காமலிருக்க அப்படித்தான் குடைவார்கள், சுவரோடு வைக்கிற சிலைக்கு முதுகு எதற்கு என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னாள். பேராசிரியரின் முகம் கறுத்துப் போயிற்று. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மகளின் கல்யாணத்தை ஒரு மரப்பொந்துக்குள் கையை விட்டுக் கெடுத்தேன் என்று நினைத்தேன்.

அதுவரை கைப்பையை அணைத்தபடி அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்த பேராசிரியரின் மனைவி அப்போதுதான் சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னார்:

“அண்ணை, இவரையும் ஒருக்கா சுத்தி வந்து பாருங்கோ.”

கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் அந்த அம்மாதான், அன்றைக்கே, அருங்காட்சியகத்துத் தேநீர்க் கடையில். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் சம்பந்தி சுவரோடு முதுகை ஒட்டியே நிற்கிறார்.

இப்போதும் விருந்துகளில் யாராவது அளவு மீறிப் புளுகினால் மருமகன் என்னைப் பார்த்து, “மாமா, ஒரு சுத்து?” என்று மெதுவாகக் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சம்பந்தியம்மாதான் அதிகம் சிரிப்பார். அடுத்ததாக என்னையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் என் மனைவி குறுக்கே வருவாள்.

“இவரைச் சுத்தத் தேவையில்லை. முன்னுக்கே தெரியும்.”