நாலு வெடிக்குள்ளே எழுபது வரி

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். பழைய பேப்பரை எடைக்குப் போட்டுட்டு வரணும்.

"தீபாவளிக்கு வீட்டை ஒதுங்க வைக்கணும். மேல் ரூம்ல பேப்பர் கட்டு கெடக்கு. இன்னைக்காவது போடுவீகளா?"ன்னு என் மனைவி செல்வி கேட்டா.

"இதெல்லாம் ஒரு வேலையா?"ன்னேன். இந்த மாதிரி நான் சொன்ன நாளெல்லாம் ஊர் சிரிச்ச நாளாத்தான் முடிஞ்சிருக்கு.

கட்டைத் தூக்கி ஸ்கூட்டர் முன்னாடி வச்சேன். விருதுநகர் பஜார்ப் பக்கம் பழைய பேப்பர்க் கடையில போட்டேன். கொடுத்த காசுல ரெண்டு வடை தின்னேன். வீட்டுக்கு வந்து, குளிச்சு, காபி குடிச்சு, நிம்மதியா உட்கார்ந்தேன்.

இங்க என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இருபது வருஷம் வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலை பார்த்துட்டு ஊர் திரும்பினவன். வயசு நாற்பத்தெட்டு. எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. அந்தக் காலத்துல ஒரு ஹால் முழுக்க நின்ன மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்களோட ஆபரேட்டிங் சிஸ்டத்தை இன்னைக்கு என் லேப்டாப்புல ஓட்டுவேன். அதுக்குப் புதுசா புரோகிராமும் எழுதுவேன். உலகம் பூரா என்னை மாதிரி ஆளுங்க இருக்காங்க. எங்களுக்குன்னு ஒரு குழு, ஒரு காப்பகம், தினம் ஒரு சண்டை.

வீட்டுக்கு வர்றவங்க கேட்டா செல்வி சுருக்கமா சொல்லிடுவா: "அவுக செத்துப்போன கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்காக."

மூணு மாசத்துக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல இருந்து எனக்கு ஒரு பார்சல் வந்துச்சு. அனுப்பினவர் எண்பத்தொரு வயசுப் பெரியவர். நாங்க எல்லாரும் அவரை 'சார்'னுதான் கூப்பிடுவோம். இளவயசுல அவர் ஒரு எடிட்டர் புரோகிராம் எழுதியிருந்தார். திரையில எழுத்தை அடிச்சுத் திருத்துறதுக்கு. அதைப் பதிஞ்சு வச்சிருந்த டேப் என்னைக்கோ அழிஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது அகலமான, பச்சைக்கோடு போட்ட தாள்ல எடுத்த ஒரே ஒரு பிரிண்ட்தான்.

"இதை நீங்க டைப் பண்ணி மறுபடி ஓட வைங்க. ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்"னு எழுதியிருந்தார்.

தாள் மடிஞ்சு மடிஞ்சு சுருண்டிருந்துச்சு. ஸ்கேன் பண்ணணும்னா முதல்ல மடிப்பு போகணும். அதுக்கு எங்க குழுவுல ஒரு முறை இருக்கு. பழைய செய்தித்தாளுக்கு நடுவுல தட்டையா வச்சு, மூணு வாரம் பாரம் ஏத்தி விடணும்.

நானும் முறைப்படிதான் வச்சிருந்தேன்.

பழைய செய்தித்தாளுக்கு நடுவுல.

காபி டம்ளரை கீழே வச்சது ஞாபகம் இருக்கு. அது உருண்ட சத்தம் ஞாபகம் இருக்கு. ஒரு பெரிய மனுஷனோட இளமையை எடைக்குப் போட்டு வடை தின்னுருக்கேன்!

கடைக்குப் பறந்தேன். கடைக்காரர் நிதானமா நிமிர்ந்தார்.

"அந்தக் கோடு போட்ட தாளா? அது தங்கமான தாளுல்லா! செய்தித்தாளை விட கெட்டி. அதுக்குன்னே ஆளு இருக்கு தம்பி. வெடிக் கம்பெனி லோடு வண்டி நிண்டுச்சு, ஏத்தி விட்டுட்டேன்."

"எந்தக் கம்பெனி?"

"ஆமத்தூர் தாண்டி. இந்நேரம் குழாயா உருட்டியிருப்பாக."

குழாய்னா வெடியோட உடம்பு. தாளைக் கீறி, பசை தடவி, கம்பியில உருட்டி எடுப்பாங்க. அப்புறம் உள்ளே மருந்து. அப்புறம் திரி. அப்புறம் டமார்.

ஸ்கூட்டர்ல அவ்வளவு வேகமா நான் போனதே இல்ல. ஆமத்தூர் வளைவுல ஒரு மினி பஸ்ஸையே முந்தினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து ஏதோ வாழ்த்தினார்.

கம்பெனி கேட்ல வாட்ச்மேன் அண்ணன். பேரு சுடலை. கையை நீட்டி மறிச்சார்.

"எங்கன போறீக?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் விஷயத்தைக் கேட்கவே இல்ல. என் டி-ஷர்ட்டைத்தான் பார்த்தார்.

"இது என்ன துணி?"

"பாலியெஸ்டர்ண்ணே."

"கழட்டுங்க."

"என்னது?"

"உள்ள மருந்து இருக்கு. ஒரு பொறி போதும், நீங்களும் நானும் சேந்து மேல போயிரலாம். பருத்தின்னா வாங்க, இல்லன்னா இப்படியே திரும்புங்க. செல்லையும் குடுங்க. செருப்பையும் விடுங்க."

கழட்டினேன். எங்க குழுவோட சின்னம் அச்சடிச்ச டி-ஷர்ட் அது. அமெரிக்காவுல ஒரு கூட்டத்துக்குப் போய் பெருமையா வாங்கினது. அதைச் சுருட்டி வாட்ச்மேன் தன் டிபன் பாக்ஸ் மேல வச்சுக்கிட்டார். பதிலுக்கு ஒரு துண்டு கொடுத்தார். துணி உரசி உடம்புல ஏறின மின்சாரம் இறங்கட்டும்னு, கேட்டுக்கு உள்ளே நட்டு வச்சிருந்த செம்புத் தகட்டைத் தொடச் சொன்னார். தொட்டேன். நல்லவேளை, பேண்ட் பருத்தி. அதுக்கு மேல யோசிக்க விரும்பல.

குழாய் உருட்டுற செட்டுல இருபது பெண்கள் வரிசையா உட்கார்ந்திருந்தாங்க. துண்டைப் போர்த்திக்கிட்டு, வெறுங்காலோட நான் நுழைஞ்சதும் அத்தனை கையும் நின்னுச்சு.

"யாருடீ இது? சாமியாரா?"

"கண்ணாடி போட்டிருக்காரு. படிச்ச சாமியாரு."

மேஸ்திரி பேச்சியக்கா எழுந்து வந்தாங்க. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கோயம்புத்தூர் பெரியவர், ஒரே பிரதி, எண்பத்தொரு வயசு.

அக்கா முகம் மாறிடுச்சு. "ஐயையோ. அந்தப் பச்சைக்கோடு தாளா? காலையில வந்தது பூராத்தையும் மெசின்ல போட்டுக் கீறியாச்சே. பாதியை உருட்டியும் ஆச்சு."

மூலையைக் கைகாட்டினாங்க. நாலு விரல் அகலத்துக்கு வெட்டின பட்டைகள். ஒரு குன்று. பக்கத்துல ஒரு கூடை நிறைய குழாய்.

அந்த மெசினைக் கும்பிடணும்னு தோணிச்சு. மெசின் தாளைக் குறுக்கா வெட்டியிருந்துச்சு. ஒரு பட்டைக்குப் பதினேழு, பதினெட்டு வரி வீதம், எந்த வரியும் உடையாம முழுசா தப்பிச்சிருந்துச்சு!

சரியா அப்பத்தான் சாப்பாட்டு மணி அடிச்சுச்சு. உருட்டுறதுக்குத் தகுந்த கூலி வாங்குறவங்க அவங்க. ஒவ்வொரு நிமிஷமும் அவங்களுக்குக் காசு. ஆனா பேச்சியக்கா கையைத் தட்டினாங்க: "ஏ புள்ளைகளா, தூக்குவாளியை அப்புறம் திறங்க. பசை காயுறதுக்குள்ள குழாயைப் பிரிங்க!"

பிரிச்சாங்க. நான் தரையில உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டையா எடுத்து, புரோகிராமைப் படிச்சு, இதுக்கு அடுத்து இதுதான் வரணும்னு யோசிச்சு யோசிச்சு அடுக்கினேன். கால் மணி நேரத்துல ஏழு பட்டை.

பேச்சியக்கா இடுப்புல கைவச்சு நின்னு பார்த்தாங்க.

"ஏன் சார், ஒவ்வொரு வரிக்கும் கடைசியில நம்பர் போட்டிருக்கே. அதைப் பாத்து அடுக்காம என்னத்த முழிக்கீக?"

கையில இருந்த பட்டையைக் கீழே வச்சேன்.

அந்தக் காலத்துல புரோகிராமை அட்டையில துளை போட்டு வச்சிருப்பாங்க. ஒரு வரிக்கு ஒரு அட்டை. கட்டு கைதவறிக் கீழே விழுந்தா மறுபடி அடுக்கணுமே, அதுக்காகத்தான் அந்த நம்பரே. இதைப் பத்தி எங்க குழுவுல நான் ஒரு பெரிய கட்டுரையே எழுதியிருக்கேன்.

அரை மணி நேரம். அம்புட்டுதான். இருபது பேரும் நம்பர் பார்த்து மொத்தத்தையும் அடுக்கிட்டாங்க. நான் பண்ணின உபகாரம், நடுவுல போய் நிக்காம இருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்கு?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க.

"திரையில எழுத்தை அடிச்சுத் திருத்துறதுக்கு..."

"அதான் செல்லுலயே இருக்கே!"

"இது அதுக்கெல்லாம் முந்தினது."

"அப்ப இப்ப எதுக்கு இது?"

இந்தக் கேள்வியை நானே எனக்குள்ள பல வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நல்ல பதில் ஒண்ணும் கிடைச்சதில்ல.

"சும்மாதான்"னேன்.

"சும்மாவா! சும்மாவுக்கா சட்டையைக் கழட்டிட்டு நிக்கீக?"

செட்டு அதிர்ந்துச்சு. மருந்தே வேண்டாம், அந்தச் சிரிப்பே போதும்.

அந்த நேரம் பார்த்து கேட்ல இருந்து சுடலை அண்ணன் குரல்: "சார்! வீட்டுல இருந்து போன் வந்துச்சு! ஒண்ணும் கவலைப்படாதீக. சட்டையில்லாம பொம்பளையாளுக கூட உக்காந்திருக்காருன்னு விவரமா சொல்லிட்டேன்!"

இதுக்கு மேல என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன். ஆச்சு.

"சார், நாலாயிரத்து நூறுக்கு அடுத்து நாலாயிரத்து எண்ணூத்திப் பத்து வருது. நடுவுல காணோம்"னாங்க பேச்சியக்கா.

நம்பர் பத்துப் பத்தா ஏறும். ஆக, எழுபது வரி இல்ல. அதாவது நாலு பட்டை. அதாவது நாலு குழாய்.

அக்கா நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. "சாம்பிளு! புதுத் தாள் வந்தா சத்தம் எப்படி வருதுன்னு முதல்ல வெடிச்சுப் பாப்பாக. காலையிலயே நாலு குழாயை மருந்து அடைக்கக் குடுத்துட்டேன்!"

ஓடினோம். கம்பெனிக்குப் பின்னாடி ஒரு பொட்டல். சூப்பர்வைசர் நாலு வெடியையும் வரிசையா நட்டுட்டு, பத்தியைப் பத்த வச்சுக்கிட்டிருந்தார்.

"நிறுத்துங்க!"

நிறுத்தினார். கதையைக் கேட்டார். பாவமாத் தலையாட்டினார்.

"மருந்து அடைச்சதைப் பிரிக்கக் கூடாது சார். கை போயிரும். இங்கன அது வேதவாக்கு. வெடிச்சுத்தான் ஆகணும்."

"எழுபது வரி சார்!"

"வெடிச்ச பிறகு பொறுக்கிக்கோங்க. அதுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்."

அவர் சொல்றதுதான் சரி. உலகத்துல எந்த புரோகிராமும் ஒரு கையை விடப் பெருசு இல்ல.

டமார்!

காகிதம் பூவா பறந்துச்சு. அடுத்த நிமிஷம் பாதுகாப்பு விசில் அடிச்சதும் நானும், பேச்சியக்காவும், பின்னாலேயே வந்த ஏழெட்டுப் பெண்களும் பொட்டல்ல பாய்ஞ்சோம்.

"சார், இங்கன ஒண்ணு!"

"வேலி மேல ரெண்டு!"

"ஏலே காத்து, நில்லுலே!"

டமார்! மறுபடி ஓட்டம். டமார்! தோள்ல கிடந்த துண்டு பறந்துச்சு. துண்டை விட்டுட்டு நான் தாள் பக்கமே ஓடினேன். கருவேல முள்ளு, புழுதி, பாதி கருகின எழுத்து. அவ்வளவு சந்தோஷமா நான் எந்த ஆபீஸ்லயும் வேலை பார்த்ததில்ல. சத்தியமா.

நாலாவது வெடிச்சதும் சூப்பர்வைசர் காதைத் தேய்ச்சுக்கிட்டே வந்தார்.

"அருமையான தாள் சார். என்னா சத்தம்! இன்னும் இருந்தா சொல்லி விடுங்க."

வீட்டுக்கு வந்தேன். செல்வி என்னை மேலிருந்து கீழ வரைக்கும் பார்த்தா. புழுதி, முள்ளு, உள்ளும் புறமும் மாறிப்போன டி-ஷர்ட்.

"ஒரு கட்டு பேப்பரைப் போடத்தான போனீக?"

அவளே பசை எடுத்துட்டு வந்து கூட உட்கார்ந்தா. துணுக்கெல்லாம் ஒட்டி முடிச்சப்ப ஐம்பத்திரண்டு வரி தேறிச்சு. பதினெட்டு வரி காத்தோட போச்சு.

கோயம்புத்தூர் சாருக்குப் போன் பண்ணினேன். ஒண்ணும் மறைக்காம சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு வினோதமான ஒலி. பயந்துட்டேன். சார் சிரிச்சுக்கிட்டிருந்தார்.

"எந்தப் பதினெட்டு?"ன்னு கேட்டார்.

நம்பரைச் சொன்னேன்.

"அடடே, அதுலதான் ஒரு தப்பு இருந்துச்சு தம்பி. கடைசி வரைக்கும் என்னால கண்டுபிடிக்க முடியல. அது வெடிச்சே போச்சா? நீங்களே புதுசா எழுதிடுங்க."

எழுதினேன். டைப் அடிச்சு முடிக்கப் பத்து நாள் ஆச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வீடியோ கால்ல ஓட்டிக் காட்டினேன். கோயம்புத்தூர்ல இருந்து அவர் சொல்லச் சொல்ல, நான் அவர் பேரை அடிச்சேன். பச்சை எழுத்துல வந்துச்சு. "ஒரு எழுத்தை அழிச்சுக் காட்டுங்க"ன்னார். காட்டினேன். "திரும்பப் போடுங்க"ன்னார். போட்டேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

அன்னைக்கே புரோகிராமைக் காப்பகத்துல ஏத்தினேன். அதுக்கு ஒரு படிவம் உண்டு. அதுல ஒரு கேள்வி: எதிலிருந்து மீட்கப்பட்டது? துளை அட்டை, டேப், அச்சிட்ட தாள், மற்றவை.

'மற்றவை'யில டிக் அடிச்சு, பக்கத்துல 'சாம்பிள் வெடி, நாலு'ன்னு எழுதி அனுப்பினேன். அது எந்த வருஷத்து மாடல்னு கேட்டு காப்பகத்துல இருந்து பதில் வந்திருக்கு.