பிரசவத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினேன்

குழந்தையைத் தேதி குறித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்கிற யோசனை எனக்கு உதித்த இடம், ஆரணியில் ஒரு நர்சிங் ஹோமின் கழிப்பறை வாசல். கையில் சிறுநீர்க் குப்பியோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் அதே மாதிரி வயிறும் குப்பியுமாக நின்ற பெண், மறுநாள் காலையில் தான் அட்மிட் ஆகப்போவதாகச் சொன்னாள். பாட்டிலில் மருந்து ஏற்றி வலி வரவைப்பார்களாம், சாயங்காலத்துக்குள் குழந்தை பிறந்துவிடுமாம். ஏதோ திருப்பதிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவள் மாதிரி அவ்வளவு நிதானம்.

இப்படி ஒரு வசதி இருப்பதை ஒன்பது மாதமாக யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அது தொண்ணூற்றெட்டு மே மாதம். ஜூன் ஒன்பதிலிருந்து நான்கு நாள், வேலூரில் எனக்குத் தபால் வழி பி.எட். தேர்வு. நான் விலங்கியலில் முதல் வகுப்பு. (இதை நானாகச் சொல்லாமல் எந்தப் பேச்சும் அந்த நாட்களில் முடிந்ததில்லை.) பரீட்சை எழுதி, பாஸ் செய்து, அடுத்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். நடுவில் ஒரு பிரசவம் இருந்தது. அதற்கு மட்டும் தேதி கிடைத்துவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

அன்றே அம்மா வீட்டு பீரோக் கதவில் ஒரு டைம் டேபிள் ஒட்டினேன். மே 18, பிரசவம். மே 19 முதல் 28 வரை, ஓய்வு. மே 29, கல்வி உளவியல் முதல் பாடம். பிரசவத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கியிருந்தேன். அதிலும் சாயங்காலம் காலியாக இருந்தது.

அம்மா வீடு கண்ணமங்கலம். அப்பா அங்கே பள்ளி வாத்தியார். எங்கள் உறவில் பாதிப் பேர் நெசவு செய்தாலும், எங்கள் வீட்டில் தறி கிடையாது. நான் தறியை முதன்முதலில் கிட்டப் பார்த்ததே முள்ளிப்பட்டுக்கு மருமகளாகப் போன பிறகுதான். அங்கே என் வீட்டுக்காரரும் அத்தையும் ஆளுக்கொரு தறியில் உட்கார்ந்து பட்டுப் புடவை நெய்வார்கள். அந்த வீட்டில் காலண்டர் வெறும் அலங்காரம். எல்லாக் கணக்கும் பாவின் நிறத்தில்தான். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள். ஒரு பாவில் மூன்று புடவை வரும். அதை நெய்து அறுத்து இறக்க ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பிறகு புதுப் பாவைப் பழையதின் நுனியோடு இழை இழையாகப் பிணைப்பார்கள். மாமனார் செத்தது வாடாமல்லிப் பாவில். எங்கள் கல்யாணம் மயில்கழுத்துப் பாவு முடிந்த வாரம். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வந்தது வெங்காயக் கலரில். கேட்கிறவர்கள் உடனே தலையாட்டுவார்கள், அவர்களுக்கு அந்த மாதமே கண்ணில் தெரியும்.

இந்த முறையை நானும் ஆர்வமாகப் பழகிக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது தூரமானாய் என்பது. எனக்குத் தேதி ஞாபகமில்லை, ஆனால் பாவு ஞாபகமிருந்தது. சிவப்புப் பாவு பிணைத்த அன்று நான் தூரம். அந்த நாட்களில் பாவுப் பக்கம் போகக்கூடாது என்பதால், பின்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டே கதவிடுக்கு வழியாக வேடிக்கை பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம், தீபாவளிக்கு நெய்த சிவப்புப் பாவு எப்போது பிணைத்தது என்று கேட்டேன். அவர் தறியில் இருந்தார். கை நிற்கவில்லை.

“அரக்குதானே? ஆடிப்பெருக்குக்கு மறுநாள்” என்றார்.

அரக்கு என்றால் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் கிடையாது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ஆடிப்பெருக்கு எவ்வளவு அழகான, மறக்க முடியாத நாள். டாக்டரம்மா அதை வைத்து மே பதினொன்று என்று எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு மாதாமாதம் ஒரே கதை. டாக்டரம்மா வயிற்றில் கை வைப்பார், டேப் வைத்து அளப்பார், நெற்றியைச் சுருக்குவார். மாசத்துக்குத் தகுந்த வயிறு இல்லையே, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பார். விளைவாக, இரண்டு வீட்டிலும் என்னைத் தீனி போட்டே தீர்த்தார்கள். முட்டை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ். என் கன்னங்கள் மட்டும் மாசத்துக்குத் தகுந்தபடி வளர்ந்தன. ஏழாம் மாதம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். குழந்தை ஐந்து வாரம் சிறியதாக இருக்கிறது என்று அது சொன்னது. தேதியில் ஏதாவது சந்தேகம் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். மெஷினும் தப்புப் பண்ணும் டாக்டர், எனக்குத் தேதி நிச்சயம், நான் விலங்கியல் என்றேன். அவர் என் ஃபைலில் ‘தேதி உறுதி’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்த அடிக்கோட்டை நான் பெருமையோடு பார்த்தேன்.

மே பதினொன்று வந்தது, போனது. வலி வரவில்லை. பதினாறாம் தேதி டாக்டரம்மா என்னையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசினார்.

“இங்க பாரும்மா. உன் தேதி சரின்னா, இதுக்கு மேல காத்திருக்கறது குழந்தைக்கு நல்லதில்ல. வலி வரவைக்கணும். தேதி தப்புன்னா, அது இன்னும் பழுக்காத குழந்தை. வெளிய எடுத்தா மூச்சு விடவே திணறும். இப்ப ஸ்கேன் எடுத்தாலும் சரியா சொல்லாது. எல்லாம் உன் ஒரு வார்த்தையிலதான் இருக்கு. வீட்ல யோசிச்சிட்டு வா.”

யோசிக்க என்ன இருக்கிறது. மே 18 என்று பீரோவே சொல்கிறதே. திங்கட்கிழமை வருகிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். தானாக வருகிற வலியை எதுக்குடி மருந்து ஊத்தி இழுத்துகினு வரணும் என்று அம்மா பஸ்ஸில் கண்ணமங்கலம் வரை புலம்பினாள். வீட்டுக்குப் போனதும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நஞ்சுக்கொடியின் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, அது எப்படி மூப்படையும் என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வகுப்பு எடுத்தேன். அப்பா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். (திங்கக்கிழமை பொறக்கறதுன்னா, இன்னைக்கே ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிடலாமா?) சொல்லலாம் என்றேன்.

பதினெட்டாம் தேதி காலை அம்மாவோடு போய் அட்மிட் ஆனேன். பையில் குழந்தைக்கு இரண்டு பழைய வேட்டித் துணி, எனக்குக் கல்வி உளவியல் புத்தகம், கோடு போட ஸ்கேல். முள்ளிப்பட்டிலிருந்து அத்தையும் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார்கள். எனிமா கொடுத்தார்கள். (அதைப் பற்றி எழுத மாட்டேன்.) கையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்டர் ஒட்டி, பாட்டிலைத் தலைகீழாக மாட்டினார்கள். அதில் கலக்க வேண்டிய மருந்தை நர்ஸ் உடைக்கப் போகும்போது டாக்டரம்மா வந்து, கடைசியாக ஒரு முறை ஃபைலைப் புரட்டினார்.

“ஆடிப்பெருக்குக்கு மறுநாள். நிச்சயம்தானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலோரம் நின்றிருந்த அத்தை திரும்பினாள். என் தேதி என்னவென்று அன்றுவரை யாரும் அவளிடம் சொன்னதே இல்லை.

“எது, அரக்குப் பாவு பிணைச்ச அன்னிக்கா? அது எப்படி டாக்டரம்மா? அன்னிக்கி கற்பூரம் காட்டினதே இவதானே. தட்டக் கீழ வுட்டு, ஓரத்துல பத்துப் பன்னெண்டு இழையப் பொசுக்கிட்டா. தூரமா இருந்தா நான் பாவுகிட்ட வுட்டிருப்பனா?”

நர்ஸ் மருந்துக் குப்பியைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

புதுப் பாவுக்கு வீட்டுப் பெண்கள் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். நான் காட்டியது ஒரே ஒரு முறை. அதன்பிறகு என்னை விடவில்லை. அந்தச் சம்பவத்தை நான் மனசிலிருந்து அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேன், அதோடு தேதியும் போய்விட்டது.

கதவோரம் நின்ற வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி உள்ளே தலையை நீட்டினார். “இவ பின்னாடி உக்காந்துகினு படிச்சிகினு இருந்தது அதுக்கு அடுத்த பாவுக்கு டாக்டர். அது அரக்கு இல்ல, மிளகாய்ப்பழம். ஆவணி கடைசி.”

“எனக்கு மிளகாய்ப்பழமெல்லாம் வேணாம். இங்கிலீஷ் தேதி சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

அதற்குள் பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் (அவர்களும் நெசவுக்காரர்கள்தான்) எழுந்து வந்துவிட்டாள். மிளகாய்ப்பழத்துக்குப் பச்சை பார்டரா, மாம்பழ பார்டரா என்று கேட்டாள். என் பிரசவத்துக்கும் பார்டருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை, ஆனால் அத்தை பொறுமையாகப் பதில் சொன்னாள். அவர்களுக்கு அரக்கும் மிளகாய்ப்பழமும் வேறு வேறு. இரண்டையும் சிவப்பு என்று சொல்வது, கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் காய் என்று சொல்லி ஒரே குழம்பில் போடுகிற மாதிரி. வீட்டுக்காரர் அந்த மாமியாரின் புடவைத் தலைப்பைக் காட்டி, இது அரக்கு என்றார். பிறகு வராந்தாச் சுவரில் மாட்டியிருந்த மணல் வாளியைக் காட்டினார்.

“அது மிளகாய்ப்பழம். நீ கதவிடுக்குல பாத்தது எது வசந்தி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தவள் நான் ஒருத்திதான். இதில் அத்தையின் கற்பூரம்கூட சாட்சி ஆகாது. நான் கொஞ்சம் சத்தமாக, அத்தைக்கு நாள் குழம்பிவிட்டது, கற்பூரம் வேறொரு பாவுக்கு என்று சொன்னால் போதும். ஃபைலில் அடிக்கோடு இருக்கிறது, டாக்டரம்மா மேலே போவார். மணல் வாளி கண்ணைப் பறிக்கிற சிவப்பில் தொங்கியது. ஆவணி கடைசி என்றால் விரலை விட்டு எண்ணிப் பார்க்கவே வேண்டாம், ஜூன் நடுவில்தான் பிரசவம். பரீட்சை, டைம் டேபிள், அடுத்த வருட நாற்காலி எல்லாம் அந்த வாளிக்குள் இறங்குவது தெரிந்தது. இரண்டு மூச்சு வரை நான் பேசவில்லை. அந்த இரண்டு மூச்சைப் பற்றி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

“வாளி” என்றேன். “தப்பு என் மேலதான் டாக்டர். அரக்குன்னா என்னன்னு எனக்குத் தெரியாது.”

டாக்டரம்மா நர்ஸின் கையிலிருந்த மருந்தைத் தானே வாங்கி ட்ரேயில் வைத்தார். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு ஃபைலில் ‘தேதி உறுதி’ என்பதை அடித்துவிட்டு, தையல் போடுகிறவர் நிதானத்தோடு ஜூன் பதினேழு என்று எழுதினார். ஊசியை உருவிக் கையில் பஞ்சு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போகும்போது இருந்த அதே வயிற்றோடு கண்ணமங்கலம் பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். அப்பா அதற்குள், கோடை லீவு என்றும் பார்க்காமல், எல்லா ஆசிரியர்கள் வீட்டுக்கும் போய் ஜாங்கிரி கொடுத்து முடித்திருந்தார். தெருவில் நான்கு பேர் வந்து என்ன குழந்தை என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் நின்று, இன்னும் ஒரு மாசம் கழிச்சி சொல்றோம் என்று பதில் சொன்னாள். நான் வீட்டுக்குள் போய் முதல் வேலையாக டைம் டேபிளைக் கிழித்தேன். கோந்து அதிகம் போட்டுவிட்டதால் பிரசவம் மட்டும் பீரோவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

பரீட்சையை விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது அத்தைதான் வேறு மாதிரி சொன்னாள். உள்ள இருக்கற பிள்ளை உன் கையப் புடிச்சிகினா இருக்குது, போய் எழுது என்றாள். தறியை நிறுத்திவிட்டு வேலூரில் உறவுக்காரர் வீட்டில் என்னோடு தங்கினாள். மூன்று நாள், நான் பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவில் வயிற்றைச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்து எழுத, அவள் கேட்டுக்கு வெளியே ஃபிளாஸ்க்கோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் கல்வி உளவியல். முதல் கேள்விக்குப் பாதி பதில் எழுதியிருந்தபோது இடுப்பில் ஏதோ பிடித்து இழுத்தது. மருந்தும் இல்லை, பாட்டிலும் இல்லை. அதுவாக வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். பெயர் வைக்கும்போது அரக்கு, மிளகாய்ப்பழம் இரண்டையும் வீட்டுக்காரர் சிபாரிசு செய்தார். அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

மகளுக்கு இப்போது ஆறு வயது. மூன்று பேப்பர் பாஸ், கல்வி உளவியல் மட்டும் இன்னும் பாக்கி. ஒரு வருடம் அவளுக்கு அம்மை, ஒரு வருடம் எனக்குக் கம்ப்யூட்டர் கோர்ஸ் மீது திடீர்க் காதல், ஒரு வருடம் எழுதியே தோற்றேன். இந்த ஜூன்தான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டிருக்கிறது. ஹால் டிக்கெட் வந்த அன்று மகள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, தானும் வேலூருக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பரீட்சைக்கெல்லாம் பிள்ளைகள் வரக்கூடாது என்றேன்.

“நான் உள்ள இருந்த மூணு பேப்பரும் நீ பாஸும்மா. நான் வெளிய வந்த பேப்பர்லதான் ஃபெயில். ஆயா சொன்னாங்க” என்றாள்.

வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பதினான்காம் தேதி காலை ஆறு மணி பஸ்ஸில் நான், மகள், அவளுக்கு ஆயாவான அத்தை மூவரும் போகிறோம். உள்ளே நான் மட்டும்தான் போக முடியும். ஆயாவும் பேத்தியும் கேட்டை ஒட்டி, என் ஜன்னலுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே நிற்பதாக முடிவாகியிருக்கிறது.