ஒரு குறைச்சலும் இல்லை

வீட்டில் இல்லாததை வெளியே சொல்வதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று இருந்தவள் நான். படிப்பும் எழுத்துக்கூட்டுகிற அளவுதான். இந்த இரண்டும் சேர்ந்து என் மகள் வசந்தாவின் படிப்புக்கு உலை வைக்கப் பார்த்தன.

பாகூரில் பள்ளியை முடித்தவளுக்குப் புதுச்சேரிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஸ்காலர்ஷிப் வந்தால் படிப்பு, வராவிட்டால் என்னோடு நாற்று நடவேண்டியதுதான். அதற்கு ‘என் குடும்ப நிலை’ என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டுமாம். எழுதி வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ‘மழை வந்தால் வீடு ஒழுகும். அம்மாவுக்கு ஒரே புடவை.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. (இரண்டு புடவை. கிழிந்தால் அது புடவை இல்லையா?) பெண் பார்க்க வருகிறவர்களிடம் இப்படியா சொல்வோம்? பேனாவை எடுத்து அடியில் எழுதினேன்: ‘எங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. புடவை இரண்டு. பசு ஒன்று. இப்படிக்கு வசந்தா அம்மா.’ பசு பக்கத்து வீட்டுடையது. எங்கள் வேலியில் கட்டியிருந்தார்கள். அவள் திரும்புவதற்குள் உறையில் போட்டு நானே ஒட்டியும்விட்டேன். அவ்வளவு பொறுப்பு.

நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பஸ்ஸில் பெருமை தாங்காமல் கேட்டேன். "வூட்ட பத்தி ஒசத்தியா எழுதினாத்தானடி குடுப்பாங்க?"

"இல்லாதவங்களுக்குத்தாம்மா அது. இருக்குதுன்னா பேரையே அடிச்சுடுவாங்க."

அதன் பிறகு வழியில் அரியாங்குப்பம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டேன்.

ஸ்காலர்ஷிப் ஆபீசில் அதிகாரி காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு வசந்தாவிடம் நீட்டினார். அவள் முகம் வெளுத்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அடியில யாரும்மா எழுதனது?"

"நான்தாங்க."

"ஒரு கொறச்சலும் இல்லன்னா இன்னாத்துக்கு இங்க வந்தீங்க?"

அழுதிருந்தால் வேலை முடிந்திருக்கும். எனக்கு அது வராது.

"கொறச்சல் இல்லீங்க. பணந்தான் இல்ல."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பசு?"

"பக்கத்து வூட்டுதுங்க."

பேனாவை என் பக்கம் தள்ளினார். "இப்ப சொன்னத எல்லாம் அப்படியே எழுதுங்க."

வேர்த்து ஊற்ற எழுதினேன். ‘பணம்’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. வசந்தா என் தோள்மேல் குனிந்து, "மூணு சுழிம்மா" என்றாள். அந்த அறைக்குள் வந்தபின் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஸ்காலர்ஷிப் வந்தது. அவளும் படித்து டீச்சர் ஆனாள். இன்றும் என் மருமகன் சாப்பிட உட்கார்ந்தால், "ஒரு கொறச்சலும் இல்ல அத்தை, உப்புதான் இல்ல" என்பார். நான் உப்பை நகர்த்தி வைப்பேன்.

இப்போது என்னிடம் புடவை பதினாறு. யாரும் எழுதித் தரச்சொல்லிக் கேட்பதில்லை.