வலி வண்டி

"சிஸ்டரே, கண்ணைப் பொத்திக்கிடுங்க" என்றான் மெக்கானிக் ஷிபு. ஜெஸி பொத்திக்கொள்வதற்குள் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து தீப்பொறி பறந்தது. அது ஓய்ந்தபோது பம்பருக்குக் கீழே ஓர் இரும்பு உருண்டை நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்காக்கும்?"

"டிரெய்லரை மாட்டத்தான்."

"எனக்க ஜீப்புலயா?"

"உங்களுக்க ஜீப்பு இல்ல, பஞ்சாயத்துக்க ஜீப்பு. உத்தரவு உண்டு, பாருங்க."

ஷிபு கரிபடிந்த தாளை நீட்டினான். காரமூட்டுவிளை கிராமப் பஞ்சாயத்துக்குச் சொந்தமான வலி வண்டி, மேற்படி பஞ்சாயத்துக்கு வழங்கப்பட்டுள்ள சஞ்சார டிரெய்லரை வலிப்பதற்காக வியாழக்கிழமை முதல் நியமிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. கேரள எல்லைக்குள் இருக்கும் பஞ்சாயத்து என்பதால் மலையாளத்தில் இருந்தது. மலையாளத்தில் வாசித்தால் ஒரு பிழையும் இல்லை. அந்த மொழியில் வலி என்றால் இழுப்பு. வலி வண்டி, இழுவை வண்டி. இழுவை வண்டி இழுப்பதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

ஜெஸி பஞ்சாயத்தின் வலி தணிப்புப் பிரிவில் நர்ஸ். எழுந்து நடக்க முடியாத இருபத்திரண்டு பேரின் வீடுகளுக்கு அந்த ஜீப்பில்தான் போய்வந்தாள். வியாழக்கிழமைகளில் கடைசி வீடு வேதமாணிக்கத்தினுடையது. வெள்ளறடைப் பாதையில் ஏற்றத்தின் உச்சியில் இருந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எலும்பில் புற்று. மார்ஃபின் மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது என்பது விதி. வியாழன் காலையோடு அவரிடம் இருப்பது தீரும். அன்று செவ்வாய்.

டிரெய்லர் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெள்ளை நிறம், இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு கழிவறை. அறியப்படாத எல்லைக் கிராமங்களில் ஓர் இரவு தங்கும் அனுபவத்தை நகரத்தாருக்கு வழங்குவது திட்டத்தின் நோக்கம். அங்கே ஒவ்வோர் இரவும் தங்கிவந்தவர்களுக்கு, தங்களுக்கு இத்தனை காலமும் கிடைத்துக்கொண்டிருந்தது அனுபவம் என்பது துண்டறிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்தது. டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது என்பதைக் கண்டறிய அலுவலகத்துக்குப் பதினோரு நாள் பிடித்தது. அதுவரை சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இழுக்கத் தகுந்த வாகனத்தைத் தேர்ந்தெடுக்க, பிரசிடென்ட் பிஜியின் தலைமையில் ஐவர் துணைக்குழு அமைந்தது. ஐவரில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒருவர். அவர் மூன்று கூட்டங்களுக்கும் வரவில்லை. ரப்பர் பால் ஏற்றும் பிக்கப், நாறும் என்று தள்ளப்பட்டது. டிராக்டர் வேறு இலாகாவுக்குரியது. ரோடு ரோலர் எடையில் முதலிடம் பெற்றது. ஆனால் அது பாறசாலையிலிருந்து வந்து சேர்வதற்குள் சுற்றுலாப் பருவம் முடிந்துவிடும் என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டியது குறிப்பேட்டில் பதிவாயிற்று.

நிபுணர் என்ற முறையில் அழைக்கப்பட்ட ஷிபு மட்டும் வண்டியைப் பற்றிப் பேசினான்.

"டிரெய்லரு எண்ணூறு கிலோ உண்டு. இழுக்கிய வண்டி அதைவிட நல்ல கனமா இருக்கணும். பத்துல ஒரு பங்கு பாரம் கொக்கியில இறங்கும். இறக்கத்துல டிரெய்லரு பின்னால இருந்து தள்ளும், அதுக்கு ஏத்த பிரேக்கு வேணும். வளைவு திரும்பணும்னா வேற கணக்கு."

"நன்றி. இதெல்லாம் தொழில்நுட்பக் கருத்து" என்றார் பிஜி. "நாம கூடியிருக்கியது வண்டியைத் தேர்ந்தெடுக்கியதுக்கு."

அப்போதுதான் செகரட்டரி கிருஷ்ணன்குட்டி ஆஸ்திப் பதிவேட்டைத் திறந்தார். அவர் வடக்கே ஒரு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வாகனங்கள் என்ற தலைப்பின் கீழ், மலையாள எழுத்தில், 'வலி வண்டி – ஒன்று' என்று இருந்தது. கையில் வண்டியை வைத்துக்கொண்டு வண்டி தேடுவது விதிமீறல் என்று அவர் சொன்னதும் துணைக்குழு மகிழ்ச்சியோடு கலைந்தது.

பதிவேட்டில் அந்தச் சொல் வந்த விதம் எளிமையானது. பஞ்சாயத்து வண்டிகளில் தமிழிலும் எழுத வேண்டும் என்று முன்பு ஓர் ஆணை வந்திருந்தது. ஜீப்பின் பக்கவாட்டில் 'வலி தணிப்பு வண்டி' என்று எழுதினார்கள். அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பதிவேட்டில் ஏற்றிய கிளார்க்குக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை. தணிப்பை விட்டுவிட்டார். வலி நின்றது.

ஜெஸி நேராக அலுவலகத்துக்குப் போனாள்.

"சாரே, அது இழுக்கிய வலி இல்ல. நோவுக்க வலி."

கிருஷ்ணன்குட்டி, தமிழ் என்று தாம் நம்பிவந்த ஒன்றில் பதில் சொன்னார். "நோவுக்கு ஞங்ஙள் வேதனை எந்நு பறையும். நீங்களும் வேதனை பறையும் அல்லே?"

"பறைவோம். ஆனா வலின்னும் சொல்லுவோம்."

"பீடி வலிக்குந்நது?"

"அதும் வலிதான்."

"கயிறு வலிக்குந்நது?"

"எங்க பக்கத்துல அதும் வலிதான்."

"பின்னே என்ன பிரச்னம்?"

தன் கட்சியைத் தானே தோற்கடித்துவிட்டதாக ஜெஸிக்குத் தோன்றியது. "வியாழக்கிழமை ஒரு மனுசனுக்கு மாத்திரை தீருது சாரே. நான் போவலைன்னா அவருக்கு வேதனை தாங்காது."

"கண்டோ! இப்போள் சிஸ்டரே வேதனை எந்நு பறஞ்ஞு."

பதிவேடு தவறு என்றால் மொழி நிபுணரின் சான்று வேண்டும் என்றார் செகரட்டரி. சான்று வந்தால் அன்றே திருத்துவதில் தமக்குத் தடையில்லை.

மொழி நிபுணர் சிவதாணு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எல்லையோரத் தமிழ் மன்றத்தின் தலைவரும் செயலாளரும் அவரே. முப்பது ஆண்டுகளில் எந்த அரசு அலுவலகமும் தமிழைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. புதன்கிழமை முழுவதும் எழுதினார். பதினான்கு பக்கம் வந்தது. வலி என்பதற்கு நோவு, வலிமை, பற்றுக்கோடு, வன்மை என்று பொருள் வரிசை போயிற்று. படகில் துடுப்பு வலிப்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். கிருஷ்ணன்குட்டி ஏழாம் பக்கத்தில் 'இழுத்தல்' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, 'பதிவேடு சரி' என்று ஓரத்தில் குறித்தார்.

"ஒரு வரி போதும்னு சொன்னேனே சாரே. நோவு மட்டும்னு" என்றாள் ஜெஸி, சிவதாணுவிடம்.

"மக்களே, தமிழுக்க வளத்தை நான் மறைக்கணுமா?"

வியாழக்கிழமை டிரெய்லரின் திறப்பு விழா முடிந்ததும் இரண்டு மணி நேரம் ஜீப்பைத் தர வேண்டும் என்று ஜெஸி கடைசியாகக் கேட்டாள். ஜீப்பும் டிரெய்லரும் சேர்ந்து ஒரே அலகாகப் பதிவாகிவிட்டன, பிரிப்பதற்குத் தனி உத்தரவு வேண்டும் என்று பதில் வந்தது. ஆனால் அலகு முழுமையாக எங்கே போவதற்கும் தடையில்லை. பிரசிடென்ட் பிஜியும் ஒத்துக்கொண்டார். வெள்ளறடைப் பாதையில் மலை தெரியும். முதல் பயணத்துக்கு நல்ல காட்சி.

வியாழன் மத்தியானம் ஒரு மணிக்கு அலகு புறப்பட்டது. ஜீப் டிரைவர் சத்தியராஜ் ஓட்டினான். பக்கத்தில் மருந்துப் பெட்டியுடன் ஜெஸி. பிரசிடென்டும் செகரட்டரியும் மூன்று உறுப்பினர்களும் டிரெய்லருக்குள் இருந்தார்கள். ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்று ஷிபு சொல்லியிருந்தான். அதுவும் தொழில்நுட்பக் கருத்துதான்.

ஏற்றத்தின் இரண்டாவது வளைவில் ஜீப் நின்றது. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. டிரெய்லர் மெல்லக் குறுக்கே திரும்பி, பாதையை மூடிக்கொண்டு, ஒரு பிலாமரத்தில் சாய்ந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

"நான் அப்பமே சொன்னேன்" என்றான் சத்தியராஜ்.

"எப்பம்லே சொன்ன?" என்றார் பிஜி, ஜன்னல் வழியாக.

"மனசுக்குள்ள."

ஜெஸி பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினாள். செகரட்டரி இறங்கிக் கயிறு கொண்டுவரச் சொன்னார். பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்திலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் நாற்பது பேர் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். அரசுப் பணியில் தாம் முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்று கிருஷ்ணன்குட்டி முதல் ஆளாக நின்று, தம் மொழியில் 'இழுங்கள்' என்று குரல் கொடுத்தார்.

"வலிக்கு!"

"வலிக்கு! வலிக்கு!" என்றார்கள் நாற்பது பேரும்.

மேலே, கட்டிலில் வேதமாணிக்கம் தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கடைசி மாத்திரை காலையில் போனது. சத்தம் மேலே ஏறி வந்தது. அவர் வாயிலிருந்து துணியை எடுத்தார்.

"எடீ ரெஜிலா" என்று மருமகளைக் கூப்பிட்டார். "அங்க ஆருக்கெல்லாம் வலிக்கு?"

ரெஜிலா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "பஞ்சாயத்துக்கு, மாமா."

"மொத்தமாவா?"

"பிரசிடென்டும் உண்டு."

வேதமாணிக்கம் சிறிது யோசித்தார். "அப்ப சிஸ்டரு இங்க வரியது கஷ்டம்தான். அங்க தான் ஆளு கூடுதல்."

ஜெஸி படியேறியபோது மணி மூன்று. மாத்திரை வேலைசெய்யத் தொடங்கும்வரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் பிடித்த பிடியில் அவளுடைய வளையல் ஒன்று நெளிந்தது.

அவள் இறங்கி வந்தபோது டிரெய்லர் நிமிர்ந்திருந்தது. உள்ளே, கட்டிலில், அதன் முதல் விருந்தினராகக் கிருஷ்ணன்குட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எங்க சாரே வலிக்கு?"

"வலிக்குந்நில்லா சிஸ்டரே. வலிச்சது தீர்ந்து. இப்போள் வேதனிக்குந்நு" என்றவர், அப்படியே நிறுத்தினார். அவர் முகத்தில் மெல்ல மொழியறிவு பரவுவதை ஜெஸி பார்த்தாள்.

திங்கட்கிழமை இடுப்பில் பெல்ட்டுடன் வந்தார். பதிவேட்டில் 'வலி' என்ற சொல்லைத் தம் கையாலேயே அடித்து, மேலே 'வேதனை' என்று எழுதி, தேதியிட்டு ஒப்பமிட்டார். ஷிபு இரும்பு உருண்டையை அறுத்து எடுத்தான். டிரெய்லர் துணைக்குழுவின் மறுபரிசீலனைக்குப் போயிற்று. அடுத்த வியாழன் ஜீப் சுகமாக ஏற்றம் ஏறியது. அதற்கடுத்த வியாழனும்.

மூன்றாம் வியாழன் ஜீப் புறப்படும்போது சிவதாணு கைகாட்டி ஏறிக்கொண்டார். மடியில் ஒரு மனு இருந்தது. எல்லையோரத் தமிழர்கள் ஆஸ்திப் பதிவேட்டில் பெற்றிருந்த ஒரே தமிழ்ச் சொல்லை இரக்கமின்றி அடித்துவிட்டு, அந்த இடத்தில் வடசொல்லைப் புகுத்திய செயலை அது கண்டித்தது. தொண்ணூற்றொன்பது பேர் ஒப்பமிட்டிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து தாள் பெஞ்சு பெஞ்சாக வந்தபோது ஜெஸியும் போட்டிருந்தாள். வாசித்துவிட்டுத்தான் போட்டாள். போடாமல் அடுத்த ஆளிடம் கொடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

"பழைய சொல்லு வந்தா ஜீப்பும் பழையபடி டிரெய்லருக்குப் போவும் சாரே" என்றாள் இப்போது.

"ஆரு சொன்னது?"

"செகரட்டரிதான். மனு கையில கிடைச்ச அன்னைக்கே சொல்லை மாத்திப்போட்டு, ஷிபுவைக் கூப்பிடுவாராம். டிரெய்லரு ஏன் ஓடலைன்னு மேலேருந்து தினமும் கேக்காங்களாம்."

"அது நிர்வாகப் பிரச்சினை மக்களே. இது மொழிப் பிரச்சினை. ரெண்டையும் போட்டுக் குழப்பப்பிடாது."

சத்தியராஜ் கியரை மாற்றினான். "சாரு திரும்ப நடந்து இறங்குவியளா?"

"ஜீப்புலதான்லே. எனக்கு முட்டு சரியில்ல."

"வலியா, வேதனையா?"

"வலியாக்கும்" என்றார் சிவதாணு, உறுதியாக.

வேதமாணிக்கம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் தெளிந்திருந்தது. சிவதாணு மனுவை முழுவதும் வாசித்தார். 'இரக்கமின்றி' என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தார்.

"அப்ப ஜீப்பு?" என்று கேட்டார் வேதமாணிக்கம். ஜெஸியைப் பார்த்துக் கேட்டார்.

"சிஸ்டரும் ஒப்புப் போட்டாச்சு. பாருங்க, நாப்பத்தொண்ணாவது" என்று சிவதாணு விரலை வைத்துக் காட்டினார். "நூறாவது ஒப்பை உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கு."

"நூறாவதா?" வேதமாணிக்கம் நிமிர்ந்தார். "பேனாவைத் தாரும்."

ஆறு மாதமாகக் கையெழுத்துப் போடாத கை. இனிஷியலிலிருந்து கடைசிப் புள்ளிவரை நடுங்காமல் வந்தது. சிவதாணு மையின் மேல் ஊதினார். ரெஜிலா எல்லோருக்கும் கட்டன்சாயா கொண்டுவந்தாள். நூறு என்பது சாதாரண எண்ணிக்கை அல்ல, இனி மேலிடம் அசையாமல் இருக்க முடியாது என்று பேச்சு வளர்ந்தது. சத்தியராஜும் வாசற்படியில் நின்று தலையாட்டினான்.

ஜெஸி பெட்டியைத் திறந்து ஒரு வாரத்துக்குரிய மாத்திரை அட்டையை ஜன்னலோரம் வைத்தாள். பிறகு அடுத்த வாரத்துக்குரிய அட்டையையும் எடுத்து, தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, பெட்டியை மூடினாள்.