இடது தொடைப் பக்தி

அன்பு மைத்துனி கன்னிகாவுக்கு அத்தான் விச்சியன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா புசபாவும் சுகம். லம்பாங் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உன்னை ஒரு வாய்ச் சோறாவது நிம்மதியாகச் சாப்பிட விடுகிறார்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை நான் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பக்கமும் சமமாக.

என் குடல் நோய் உனக்குத் தெரியும். வயிற்றைப் பற்றி டாக்டரிடம் எல்லாம் சொன்னவன், ஆசனவாயைச் சுற்றித் தோல் வெந்துபோனதையும் ஓரத்தில் சேவல் தாடி மாதிரி ஒரு சதை தொங்கியதையும் மட்டும் சொல்லவில்லை. மூலம் என்று நானே தீர்ப்பு எழுதி, சோப்புப் போட்டுத் தேய்த்து, அரிப்பு அடங்க மூட்டுவலித் தைலத்தையும் தடவினேன். அன்று நான் ஓடிய ஓட்டத்தைப் பக்கத்து வீட்டு நாய்கூட நின்று பார்த்தது. உட்கார முடியாதவன் வேன் ஓட்டிப் பிழைப்பது எப்படி? விகாரையில் பிக்குவின் முன் உட்காருகிற மாதிரி, காலைப் பக்கவாட்டில் மடக்கி, இடது தொடையிலேயே எல்லா இடத்திலும் உட்கார்ந்தேன், சேவல் சண்டையில்கூட. பெரிய பிக்கு ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார்: "விச்சியனப் பாருங்க. மூணு மணி நேரமா கால மாத்தல. அதுதான் பக்தி." விகாரைக் கமிட்டிக்கு என்னைத் தலைவனாக்கினார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சந்தை வைத்தியன் அந்தச் சதையை வெட்ட நாள் குறித்திருந்தபோதுதான் நீ புத்தாண்டுக்கு வந்தாய். எல்லோரும் என் பக்தியைப் பார்த்தார்கள், நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"அத்தான், பக்தியில யாருக்கும் இப்படி வேர்க்காது. எத்தன நாளா வலிக்குது?"

"அந்த எடத்தையெல்லாம் போயி டாக்டர்கிட்ட காட்டுவாங்களா கன்னிகா?"

"காட்டத்தான் டாக்டர். வண்டியில ஏறிக் குப்புறப் படுங்க."

அது மூலமே இல்லை, குடல் நோய்தான் அங்கேயும் வந்திருக்கிறது, வெட்டியிருந்தால் ஆறாத புண்ணாகியிருக்கலாம் என்றார் டாக்டர். குடலுக்கு மருந்தை மாற்றினார். சோப்பு கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்துக் களிம்பு தடவச் சொன்னார். நாலு மாதம் கழித்து மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அழுதுவிட்டேன் அம்மா. நீ இல்லாவிட்டால் வேனையே விற்றிருப்பேன்.

ஒரே வேண்டுகோள், இது நமக்குள் இருக்கட்டும். கமிட்டித் தலைவருக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. நீ தொட்டுக் கவனிக்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து சோறு உண்ணட்டும்.

இப்படிக்கு,
விச்சியன்

பி.கு.: நேற்று விகாரையில் கால் மாற்றி உட்கார்ந்தேன். பெரிய பிக்கு தனியே கூப்பிட்டார். பக்தி குறைந்துவிட்டது என்று திட்டப்போகிறார் என நினைத்தேன். "எந்த டாக்டர்?" என்றார். அவருக்குப் பதினோரு வருஷமாம். அவருக்கும் இடது தொடைதானாம். இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவரே அவர்தான். பிக்கு பெண்கள் கையில் எதையும் நேராகக் கொடுக்கக் கூடாதே, அதனால் கையில் வாங்காதே, மேசையில் வைப்பார். நாற்காலி போட வேண்டாம்.