பலகைக்கு ஒரு புது உறை

கணக்கு வாத்தியார் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். தேய்க்கும் பலகையின் உறையில் பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாகக் கருகியிருந்தது.

பலகைமேல் இருந்த பெட்டிக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டு, யாரோ ஒரு மாணவனின் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தது அவர் தப்புதான். ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்ததால் கருகல் வாசனையும் தெரியவில்லை.

அக்கா வீட்டுக்குப் போயிருந்த மனைவி சாயங்காலம் வந்துவிடுவாள். வீட்டில் இன்னும் ஒரு சாமானை அவர் பாழாக்கினால், கட்டிலுக்கடியில் அவர் சேர்த்து வைத்திருக்கும் ஓடாத கடிகாரங்கள் அத்தனையும் பழைய சாமான்காரருக்குப் போகும். மிக்ஸியைப் புகைய விட்ட அன்று ஏற்பட்ட ஒப்பந்தம் அது. வாத்தியாரும் வீறாப்பாகத் தலையாட்டியிருந்தார்.

வேறொரு உறை தைத்துவிட்டால் போயிற்று. பழைய படுக்கைவிரிப்பின் மேல் பலகையைக் குப்புறப் போட்டு, பென்சிலால் சுற்றி வரைந்து, கோடு பிசகாமல் வெட்டினார். எந்தத் தையல்காரரும் இவ்வளவு துல்லியமாக வெட்ட மாட்டார்; அவர்கள் அடியில் மடித்துக் கட்டவும் கொஞ்சம் துணி விடுவார்கள்.

விரிப்பின் நடுவில் இப்போது பலகை அளவுக்கு ஓட்டை. அதைச் சுருட்டி ஒளித்துவிட்டு, ஜன்னல் திரையில் ஒன்றைக் கழற்றினார். இந்த முறை தாராளமாகத் துணி விட்டு, ஓரத்தை மடித்துச் சுற்றிலும் தைத்தார். நாடா நுழைக்க வழி விடவில்லை. பிரித்தார், துணியும் சேர்ந்து கிழிந்தது.

எரிச்சல் தலைக்கேறியது. கிழிந்ததைப் பலகைமேல் போர்த்தி, அடியில் குறுக்கும் நெடுக்குமாக நூலை இழுத்துத் தைத்து முடித்தார். பலகையின் கால்களை மடக்கி வைத்தபடியே தைத்துவிட்டோம் என்பது அதை நிமிர்த்தப் போனபோதுதான் உறைத்தது. மேலே துணி வேறு சுருங்கிக் கிடந்தது. மறுபடி பெட்டியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தும் ஒரு சுருக்கம் அசையவில்லை. துணி மட்டம் என்று திட்டினார்.

ஒற்றைத் திரையோடு ஜன்னல் அசிங்கமாக இருந்ததால் மற்றதையும் கழற்றினார். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், வீட்டைக் காலி பண்றீங்களா?"

துவைக்கப் போடுவதாகச் சொல்லிச் சமாளித்துத் திரும்பினால், வாசலில் மனைவி.

மொட்டை ஜன்னலையும், கை கால் கட்டிப் போட்ட ஆள் மாதிரி கிடந்த பலகையையும், அவர் சட்டையெல்லாம் ஒட்டியிருந்த நூலையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"உறையக் கருக்கிட்டேன்" என்றார் வாத்தியார். "போன் வந்துச்சு. மறந்துட்டேன்."

அவள் ஒரு கணம் திகைத்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"கருக்கியாச்சா? அப்ப ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கடிகாரத்தையெல்லாம் இப்பவே எடுத்து வெளிய வைங்க."

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் தவழ்ந்து முதல் கடிகாரத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது, ரிப்பேர்க் கடைக்காரர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். நூலும் ஊசியுமாகத் தரையில் கிடந்தவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

"போன வாரம் உறையக் கருக்கிட்டு அப்படியே செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே, அந்தப் பெட்டி இதுதானேம்மா? சாருக்குத் தெரியறதுக்குள்ள டெய்லரையும் வரவழைச்சிட்டீங்க, பரவால்ல."