செம்மறிக்குத் தெளித்த தீர்த்தம்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை. தினகர சாமி வந்திருந்தார். மூச்சிரைக்கும் செம்மறிகளின் நெஞ்சிலிருந்து செய்வினையை இறக்கும் மகான். மனிதர்களின் செய்வினையில் போட்டி அதிகம் என்பதால் ஆடுகளுக்கு இறங்கி வந்தவர். காணிக்கை ஒரு குட்டி. அது மட்டும் நோய்நொடி இல்லாததாக இருக்க வேண்டும். அருளுக்கும் ஒரு தரம் வேண்டாமா?

தேவராஜ் முன்வரிசையில் நின்றான். மகளின் படிப்பு அவனுடைய மந்தையை நம்பித்தான் இருந்தது. போன வருடம் ஒரே ஆடு இரைத்தது. சாமி வந்து செய்வினை இறக்கினார். இந்த வருடம் நாலு இரைக்கின்றன. சாமியின் சக்தி வளர்ந்துகொண்டே போனது.

சாமி ஓர் ஆட்டின் பின்னங்கால்களைத் தூக்கி மந்திரம் முழங்கினார். அதன் மூக்கிலிருந்து நுரைநீர் கொட்டியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நீரைச் சொம்பில் பிடித்தார் சாமி. இனி அந்தத் தீர்த்தத்தை மற்ற ஆடுகளின் முகத்தில் தெளிக்க வேண்டும்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் கால்நடை மருத்துவர் ரைஹானா. தேவராஜின் மனைவி மதிவதனி கூட்டி வந்திருந்தாள். "போன வாரம் நீங்க குணமாக்கின ஆடு எது?"

கூட்டத்தில் நின்ற ஓர் ஆட்டைச் சாமி பெருமையாகக் காட்டினார். ரைஹானா அதன் பின்னங்கால்களைத் தூக்கினார். "ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர்..." என்று ரயில் நிலையங்களை மந்திரம்போல் முழங்கினார்.

கொரட்டூர் வருவதற்குள் மூக்கிலிருந்து நீர் கொட்டிவிட்டது. மின்சார ரயிலுக்கும் மந்திர சக்தி உண்டு போலும்.

"இன்னா டாக்டரம்மா இது?" என்றான் தேவராஜ்.

"நுரையீரல் புற்றுநோய். ஒரு வைரஸால வருது. நெஞ்சுல சேர்ற தண்ணி, காலைத் தூக்கினா வெளிய வரும். அந்தத் தண்ணியிலயும் மூச்சிலயும்தான் நோய் பரவும். மருந்து கிடையாது. நோய் வந்ததைப் பிரிச்சாத்தான் மத்தது பிழைக்கும்."

போன வருடம் தீர்த்தம் தெளித்தபோது ஆடுகளின் தலையைப் பிடித்துக்கொண்டவன் தேவராஜ்தான். சொம்பைப் பிடுங்கினான்.

"சாமி, காணிக்கைக் குட்டிங்க உன் வண்டில கீது இல்ல? மொதல்ல அதுங்களுக்குத் தெளிக்கிறேன்."

சாமி ஓடிப்போய் வண்டியை மறித்தார். "வேணாம்பா, அதுங்களுக்கு ஒட்டிக்கினா அப்புறம் யாரு வாங்குவான்?"

சாமிக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

முகத்தில் தண்ணீர் தெளித்தால் தலையாட்டுவது பலியாட்டின் வழக்கம். மனிதனுக்குத் தலை இருப்பது அதற்கல்ல.